இருமுகிற பன்றிக்குத் தீவனத்தில் மருந்தா? புதுப் பண்ணையாளர்கள் செய்யும் தவறுகள்

மழையும் பனியும் மாறி மாறி வரும் கார்த்திகை, மார்கழியில் எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணா, ரெண்டு பன்றி இருமுது. தீவனத்துல என்ன மருந்து கலக்கலாம்?" வெண்பன்றி வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த தப்புகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கொட்டகையைக் கழுவு, நல்ல தண்ணீர் வை என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

தீவனத்தில் கலக்கும் மருந்து

இந்தக் கேள்வியைக் கேட்டாலே இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. 106 டிகிரி காய்ச்சலில் கிடக்கும் பன்றி தொட்டிப் பக்கமே வராது. மூலையில் சுருண்டிருக்கும், இல்லையென்றால் நாய் மாதிரி முன்கால்களை ஊன்றி உட்கார்ந்து, வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கும். அப்போது மருந்துத் தீவனத்தைத் தின்பது யார்? நோயே இல்லாத, மற்றதை முட்டித் தள்ளும் முரட்டுப் பன்றிதான். ஓட்டல் மிச்சத்தில் கலப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு வாளி சாம்பார் சோற்றில் எந்தப் பக்கம் எவ்வளவு பொடி போயிற்று என்று கலக்கியவருக்கே தெரியாது. அது ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்காக இருந்துவிட்டால், தாது உப்புக் கலவையில் உள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது.

எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையில், சாயங்காலம் நன்றாகத் தின்ற பன்றி விடியற்காலையில் மூக்கில் ரத்த நுரையோடு செத்துக் கிடந்தது. பண்ணைக்காரர் மருந்துக்கடைக்கு ஓடிப் பொடி வாங்கித் தவிட்டில் கலந்தார். ரெண்டு நாள் கழித்து, "தின்ன மாட்டேங்குதுங்க" என்று எனக்குப் போன். அதற்குள் அதே அறையில் மேலும் சில போய்விட்டன, அதுவும் விற்கிற எடைக்கு வந்த பன்றிகள். டாக்டர் அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் கறுத்துக் கெட்டியாகி, விலா எலும்போடு ஒட்டியிருந்தது. ஆக்டினோபேசில்லஸ் ப்ளூரோநிமோனியே என்ற கிருமியின் வேலை. வேகமாக வரும்போது ஒரே நாளில் பன்றியை முடித்துவிடும்.

இதற்கு ஊசிதான். அதுவும் படுத்த பன்றிக்கு மட்டும் போட்டால் போதாது. அந்த அறையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 102, 103 வரை சாதாரணம். 104 தாண்டியது இருமாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டியது. எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லி ஊசி அளவு கேட்காதீர்கள். 80 கிலோ பன்றிக்கு 50 கிலோ அளவில் போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியின் கதை வேறு. பன்றி வழக்கம்போலத் தின்னும். எழுப்பி விரட்டினால் வறட்டு இருமல் இருமும். எடை மட்டும் ஏறாது. மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் மயிரிழைகளை இது அழித்துவிடுவதால், பாஸ்சுரெல்லா போன்ற மற்ற கிருமிகள் பின்னாலேயே நுழைந்துவிடும். பன்றி தின்றுகொண்டிருப்பதால், டாக்டர் எழுதிக்கொடுத்தால் தீவனத்திலோ தண்ணீரிலோ மருந்து தருவதற்கு இங்கே இடமுண்டு. ஆனால் பென்சிலின், அமாக்சிசிலின் வேண்டாம். கிருமியின் செல் சுவரைக் கெடுத்துத்தான் அவை வேலை செய்கின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்கு அந்தச் சுவரே கிடையாது.

பிராய்லர் தீவனமும் டியாமுலினும்

கோழிப் பண்ணையில் மிஞ்சிய தீவனம் மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. ரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சாலினோமைசின், மோனென்சின் போன்ற ஏதாவது சேர்த்திருப்பார்கள். இருமலுக்கு எழுதும் டியாமுலின், அதை ஈரல் வெளியேற்றவிடாமல் தடுக்கும். உடம்பில் தேங்கியது நஞ்சாகித் தசைகள் கெடும். பன்றி எழ முடியாமல் விழுந்து சாகும். டாக்டரிடம் இருமலைச் சொல்லும்போது என்ன தீவனம் போடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இருமல் நின்றதும் ஊசியை நிறுத்துவது

சொன்ன நாள் வரை போடுங்கள். கறிக்கு விற்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கோலிஸ்டின்

இந்த ஆன்டிபயாடிக்கைக் கறிக்கு வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியாவில் 2019 முதல் தடை. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சந்தைப் பன்றியை நேரே உள்ளே விடுவது

நோயில் பிழைத்த பன்றி பார்க்கக் கொழுகொழு என்றிருக்கும். கிருமி அதன் தொண்டைச் சதையில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். ஒரு மாதம் தனிக் கொட்டகை, தனி வாளி, தனிச் செருப்பு. இத்தனை செய்தாலும் கிருமியைச் சுமக்கும் இந்தப் பன்றிகள் கண்ணுக்குத் தப்பிவிடலாம் என்பதால், பத்து இடத்துக் குட்டிகளைச் சேர்க்காமல் நோய் வரலாறு தெரிந்த ஒரே பண்ணையில் வாங்குவதே என் வழக்கம்.

தார்ப்பாய் போர்த்திய கொட்டகை

குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் மூடுகிறார்கள். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வெளியேற வழியில்லை. நின்றபடி மோந்து பார்த்துவிட்டு "வாடையே இல்லை" என்று சொல்லாதீர்கள். பன்றி படுக்கும் உயரத்துக்குக் குந்திப் பாருங்கள். கண் எரிந்தால் மேல்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். குட்டிகள் மேல் நேராகக் காற்று அடிக்காமல் கீழ்ப்பக்கத்தை மட்டும் மறைத்தால் போதும்.

புழு இருமல்

மண் தரையில் மண்புழுவைக் கிளறித் தின்னும் பன்றிக்கு நுரையீரல் புழுவாலும் இருமல் வரும். சாணப் பரிசோதனை செய்யுங்கள்.

காது ஊதா நிறமாகிப் பல பன்றிகள் ஒன்றாகச் சாய்ந்தால்

பன்றிக் காய்ச்சலாகவோ (மனிதர்களுக்கு வரும் H1N1 இல்லை, கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்), 2020ல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். இரண்டுமே வைரஸ்; எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது. செத்ததை நீங்களே அறுக்காதீர்கள், மிஞ்சியதை அவசரமாக விற்காதீர்கள். பண்ணையிலிருந்து எதையும் வெளியே எடுக்காமல் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் வந்து பரிசோதனைக்கு மாதிரி எடுத்த பிறகுதான் குழியில் புதைக்க வேண்டும்.