துப்பாக்கிப் பெட்டகம்: இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர் அதற்கொரு பெட்டகம் வாங்கப் புறப்பட்டால், எஃகுத் தகட்டின் கனம் என்ன, பூட்டு எந்த வகை, எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்றெல்லாம் நாள்கணக்கில் ஆராய்வார். அதை வீட்டில் எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் பெட்டகம் லாரியில் வந்து இறங்கும் அன்றுதான் எழும். முதல் தவறு இதுதான். இடத்தை முடிவு செய்துகொண்டு, அந்த இடத்தின் அளவுக்கும் தரையின் வலுவுக்கும் ஏற்ற பெட்டகத்தைத் தேடுவதே முறை. டெக்சஸ் வீடுகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நம்மவர்கள் கணிசமாக வாழும் மாநிலம் அது, வெப்பமும் ஈரமும் வெள்ளமும் சேர்ந்து பெட்டகத்தைச் சோதிக்கும் இடமும்கூட.

பெரும்பாலோர் கராஜைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படியேற்ற வேண்டியதில்லை, தரை கான்கிரீட், வீட்டுக்குள் இடமும் அடைபடாது என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். ஆனால் கராஜ் கதவு உயரும் ஒவ்வொரு முறையும் பெட்டகம் தெருவுக்குக் காட்சியாகிறது. விருந்து நாள்களில் ஆட்கள் கராஜ் வழியாகவே வந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் நம் வீடுகளில் அந்தக் கதவு மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். அதைவிட முக்கியமானது, திருடனுக்குத் தேவையான நெம்புகோலும் சுத்தியலும் அறுக்கும் இயந்திரமும் அதே சுவரில் தொங்குகின்றன என்பது. யுஎல் என்ற அமெரிக்கச் சோதனை நிறுவனம் தரும், வீட்டுப் பெட்டகங்கள் பலவும் பெற்றிருக்கும் ஆர்எஸ்சி (வீட்டுப் பாதுகாப்புப் பெட்டகம்) முதல் நிலைச் சான்று, ஒரே ஆள் கைக்கருவிகளைக் கொண்டு 5 நிமிடம் தாக்கினாலும் திறக்காது என்று மட்டுமே உறுதியளிக்கிறது. அந்த 5 நிமிடத்தை நீட்டித் தர வேண்டியது இடம். கராஜோ திருடனுக்கு வேண்டிய நேரத்தையும் மறைவையும் கொடுத்து, சங்கிலி பூட்டி வண்டியால் இழுத்துச் செல்லவும் வழி விடுகிறது.

துருவும் அங்கேதான் விரைவாகப் பிடிக்கும். ஹூஸ்டன் போன்ற கடலோரப் பகுதியில், இரவில் குளிர்ந்து கிடந்த எஃகின் மீது காலையில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று படும்போது, குளிர்ந்த தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலவே துப்பாக்கிக் குழலும் வியர்க்கும். நீச்சல் குளத்துக்கான குளோரினும் அதே அறையில் இருந்தால், அதன் ஆவி எஃகை அரிப்பதை இன்னும் விரைவுபடுத்தும். பெட்டகத்தின் உள்ளே ஈரப்பதத்தை ஏறத்தாழ 50 விழுக்காட்டில் வைத்திருப்பது நல்லது என்பதால், உட்காற்றைச் சற்றே சூடாக்கி வைக்கும் மின்தண்டு ஒன்றைப் பலரும் பொருத்துகிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். அருகில் பிளக் இல்லாத மூலையில் பெட்டகத்தை நிறுத்திய பிறகே இது நினைவுக்கு வருகிறது. வெறும் கான்கிரீட்டும் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கொடுக்கும். அடியில் கட்டியான ரப்பர் வில்லைகளை வைப்பது செலவில்லாத தீர்வு.

தரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடுத்தரப் பெட்டகம் ஒன்று காலியாக இருக்கும்போதே 200 முதல் 400 கிலோ வரை எடையுள்ளது. வீடுகளுக்கான அமெரிக்க முன்மாதிரிக் கட்டட விதி, படுக்கையறைத் தளத்தைச் சதுர அடிக்கு 30 பவுண்டு, மற்ற அறைகளின் தளத்தை 40 பவுண்டு என்ற கணக்கில் வடிவமைக்கச் சொல்கிறது. இது அறை முழுவதும் பரவிய சுமைக்கான கணக்கு என்பதால், மாடியில் பெட்டகம் வைத்த மறுநாளே தளம் இடிந்துவிடாது. ஆனால் உத்தரங்களின் நடுப்பகுதியில் வைத்தால் நாளடைவில் தளம் தாழும். மாடியில்தான் வைத்தாக வேண்டும் என்றால், சுமை தாங்கும் சுவரை ஒட்டி, பல உத்தரங்களின் மேல் குறுக்காக அமரும்படி வைக்க வேண்டும். தீ விபத்தில் எரிந்த தளத்தோடு பெட்டகமும் கீழே விழும் என்பதையும் எண்ணினால், தரைத்தளமே மேல்.

தரைத்தளத்திலும் ஒரு பொறி உண்டு. டெக்சஸின் புதிய வீடுகளில் பெரும்பாலானவை, எஃகு வடங்களை உள்ளே பதித்து, பிறகு இழுத்து இறுக்கிய கான்கிரீட் பலகையின் மேல் நிற்கின்றன. ஒவ்வொரு வடத்திலும் ஏறத்தாழ 33,000 பவுண்டு இழுவிசை இருக்கும். பெட்டகத்தைத் தரையோடு பிணைக்கத் துளையிடும்போது வடம் அறுந்தால் அடித்தளத்துக்கும் துளையிடுபவருக்கும் ஆபத்து. கராஜ் தரையில் இதற்கான எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து, தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவியால் வடங்களின் போக்கைக் குறித்த பிறகே துளையிட வேண்டும். இதற்கு அஞ்சி போல்ட் போடாமலே விட்டுவிடுவது இன்னொரு தவறு: பிணைக்காத பெட்டகத்தைச் சாய்த்துத் தரையில் கிடத்திவிட்டால், நெம்புபவரின் பலம் பன்மடங்காகும். கைப்பிடி உள்ள பக்கம் சுவரை நெருங்கியிருக்குமாறு மூலையில் நிறுத்தினால், நெம்புகோலை வீசிப் பிடிக்க இடம் இருக்காது. கீல் பக்கத்தில் கதவு முழுதும் திறக்க இடம் விடுவதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

வெள்ளத்தைப் பற்றி ஹூஸ்டன்வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீயில் உப்பிக் கதவிடுக்கை அடைக்கும் பட்டை, 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கொண்டுவந்தது போன்ற நீரைத் தடுப்பதற்கானது அன்று. மறைவிலும் சறுக்கல் உண்டு: வெளியே தெரியாமல் வைத்தோம் என்று நிம்மதியடைபவர்களில் சிலர், பெட்டகம் வந்த அட்டைப் பெட்டியைக் குப்பை நாளன்று வாசலில் வைத்துத் தாமே ஊருக்கு அறிவிக்கிறார்கள். வீட்டை விற்கும்போது எடுக்கும் படங்களிலும் பெட்டகம் இடம்பெற்றுவிடுகிறது.

மேற்சொன்னவற்றை எல்லாம் சரியாகச் செய்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெட்டகம் வீட்டின் ஒரு கோடியில் இருக்கும். பாதுகாப்புக்கென வாங்கிய கைத்துப்பாக்கியோ, எட்டும் தொலைவில் வேண்டும் என்பதற்காகக் கட்டிலருகே இழுப்பறையில் கிடக்கும். பெட்டகம் தொலைவாக இருப்பதே இந்தப் பழக்கத்தை வளர்க்கிறது. கொலுவுக்கோ பிறந்தநாளுக்கோ வந்த குழந்தைகள் அறை அறையாக ஓடும்போது, அந்த இழுப்பறையை யார் காவல் காப்பார்கள்? குண்டு நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி கவனக்குறைவாக விட்டிருந்து, அதை அவர் எடுத்துவிட்டால், அது டெக்சஸ் சட்டப்படி உரிமையாளரின் குற்றமாகும். நீண்ட துப்பாக்கிகளுக்குப் பெரிய பெட்டகத்தை உள்ளறை ஒன்றிலும், கைத்துப்பாக்கிக்கு விரைவில் திறக்கும் சிறு பெட்டியைக் கட்டிலோடு பிணைத்தும் வைத்துக்கொள்வதே இதற்கு நடைமுறைத் தீர்வு. சிறு பெட்டியின் எண்ணாக மகளின் பிறந்த தேதியை வைப்பவர்களும், பெரியதன் சாவியைப் பூஜையறை விளக்கின் பின்னால் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த எண்ணும் அந்த இடமும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.