ஸ்பெயின் நகரங்களில் தபாஸ் கடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தபாஸ் என்ற சிறுதட்டு உணவைச் சாப்பிடுவதை, ஓர் உணவகத்தில் மேசை பிடித்து உட்கார்ந்து முடித்துவிடும் வேலையாக எண்ணிப் போகிறவர்கள் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். ஸ்பெயின்காரர்கள் அதைத் 'தபேயோ' என்கிறார்கள். ஒரு கடையில் பரிமாறும் மேடையருகே நின்றபடி ஒன்றிரண்டு சிறுதட்டுகளைச் சாப்பிட்டு, சிறு கோப்பையில் எதையாவது குடித்து, கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடப்பதையே அந்தச் சொல் குறிக்கிறது. ஆகவே, நகரின் தலைசிறந்த கடை எது என்று தேடி நேரத்தை வீணாக்காமல், ஐந்தாறு நல்ல கடைகள் அடுத்தடுத்து இருக்கும் ஒரு தெருவைத் தேடுங்கள். தெரு சரியாக அமைந்தால், ஒரு கடை ஏமாற்றினாலும் போவது சில யூரோதான். பத்தடி தள்ளி அடுத்த வாசல் இருக்கிறது.

அத்தகைய தெருக்கள் பெரும்பாலான நகரங்களில் உள்ளன. மாட்ரிட்டில் லா லத்தீனா பகுதியின் காவா பாஹா தெரு, லொக்ரோஞோவில் லௌரெல் தெரு, சரகோசாவில் எல் தூபோ, லெயோனில் பார்ரியோ ஊமெதோ, பில்பாவோவில் பிளாசா நுவேவாவும் அதைச் சூழ்ந்த பழைய சந்துகளும், காடிஸில் லா வீஞா ஆகியவை அந்தந்த ஊர்க்காரர்களே மாலையில் கூடும் இடங்கள். சாலமாங்காவில், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பெரிய சதுக்கத்தை விட்டுச் சற்றுத் தொலைவு நடந்து வான் டைக் தெருவுக்குப் போனால், மாணவர்களும் குடும்பங்களும் நிறைந்த கடைகளைக் காணலாம். பார்சிலோனாவில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. தபாஸ் கத்தலான் மண்ணின் சொந்த வழக்கமன்று. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து குடியேறியவர்களோடு வந்து சேர்ந்தது. நல்ல கடைகள் அங்கும் உண்டு, ஆனால் லா ரம்ப்லா சாலையில் அவற்றைத் தேடாதீர்கள். போப்லே செக் பகுதியின் பிலாய் தெருவில் தொடங்குவது நல்லது.

அடுத்து, தபாஸ் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு வழக்கங்கள் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் கடையைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் மாறுகிறது.

கிரனாடா, அல்மெரியா, ஹாயென், லெயோன் போன்ற ஊர்களில் பானம் வாங்கினால் சிறுதட்டு உணவு இலவசமாகவே வருகிறது. கிரனாடாவில் பல கடைகளில் எது வரும் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்வார். இரண்டாவது, மூன்றாவது பானத்துக்கு வேறு வேறு தட்டுகள் வரும். இங்கே உணவுப் பட்டியலைப் படித்துப் பயனில்லை. உள்ளே நுழைந்து மற்றவர்கள் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்போது சமைத்த குண்டானிலிருந்து அள்ளிய குழம்போ, சுடச்சுடப் பொரித்த மீனோ இருந்தால் நில்லுங்கள்; பாக்கெட்டிலிருந்து கொட்டிய வறுவல் மட்டுமே இருந்தால் ஒரு கோப்பையோடு கிளம்பிவிடலாம். இறைச்சியோ மீனோ சாப்பிடாதவர் அதைப் பானம் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். தட்டு வந்தபின் சொன்னால் கடைக்காரருக்கும் சங்கடம்.

செவீயா, மாட்ரிட் போன்ற ஊர்களில் தட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். மாட்ரிட்டில் பானத்தோடு சில ஆலிவ் காய்களோ உருளைக்கிழங்கு வறுவலோ மரியாதைக்கு வருவதுண்டு. இங்கே ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. செவீயாவில் சீரகம் மணக்கும் கீரையும் கொண்டைக்கடலையும், காடிஸில் கடலை மாவும் பொடி இறாலும் கலந்து தட்டும் மொறுமொறுப்பான அடை, மாட்ரிட்டில் பொரித்த காட் மீன் என்று, எது பேர் பெற்றதோ அதை அந்தக் கடையில் ஒன்று மட்டும் வாங்குங்கள். ஒரே கடையில் ஆறு வகை வாங்குவதைவிட ஆறு கடையில் ஒவ்வொன்று வாங்குவதே வயிற்றுக்கும் பணத்துக்கும் நல்லது. லொக்ரோஞோவின் லௌரெல் தெருவில் இது உச்சத்துக்கே போகிறது: பூண்டு எண்ணெயில் வாட்டிய மூன்று காளான்களை அடுக்கி, மேலே ஓர் இறாலைக் குத்தி, ரொட்டித் துண்டின் மேல் நிறுத்தி விற்பதையே முழுப் பிழைப்பாகக் கொண்ட கடைகள் அங்கே இருக்கின்றன.

மூன்றாவது, வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிஞ்சோ எனப்படும் சிறு உணவு. சான் செபாஸ்தியானிலும் பில்பாவோவிலும் மேடை முழுக்கத் தட்டுகள் அடுக்கியிருக்க, பலரும் பல்குச்சி குத்திய ரொட்டித் துண்டுகளைத் தட்டு நிறைய அள்ளிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை பயணிகள் இங்கே செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். மேடையில் இருப்பவை எப்போது செய்தவையோ. சுவரில் தொங்கும் கரும்பலகையில் எழுதியிருப்பவைதான் கேட்டபின் அடுப்பில் ஏறுபவை. மேடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொறித்துக்கொண்டே, பலகையில் உள்ளதில் ஒன்றைச் சூடாகச் செய்யச் சொல்லுங்கள். ஆறினாலும் சுவை குன்றாத பிஞ்சோவும் உண்டு. உப்பில் ஊறிய நெத்திலி, ஆலிவ் காய், காரம் குறைந்த ஊறுகாய் மிளகாய் ஆகிய மூன்றையும் ஒரே குச்சியில் கோத்த 'ஹில்தா' அத்தகையது. 1946-இல் வெளிவந்த 'கில்டா' என்ற ஹாலிவுட் படத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. சான் செபாஸ்தியானின் பழைய நகரில் ஆகஸ்ட் 31 என்றே பெயர் கொண்ட தெரு ஒன்று இருக்கிறது. 1813-இல் அந்த நாளில் நகரம் சூறையாடப்பட்டு எரிந்தபோது தப்பிய வீடுகள் அங்கேதான் இருந்தன. இன்று அந்த வரிசை பிஞ்சோக் கடைகளுக்குப் பேர் போனது.

தெருவும் வழக்கமும் தெரிந்தபின் நேரம். பந்திக்கு முந்து என்ற பழமொழி ஸ்பெயினில் செல்லுபடியாகாது. மதிய உணவு 2 மணிக்குமேல், இரவு உணவு 9 மணிக்குமேல். இடையில் ஏறக்குறைய 4 முதல் 8 வரை பல கடைகளில் சமையலறை மூடிக் கிடக்கும். மாலை 6 மணிக்கு முழு உணவுப் பட்டியலையும் நீட்டுகிற கடை பெரும்பாலும் பயணிகளை நம்பி நடப்பது. பகலில் பசி தாங்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு: மதியம் 1 மணி வாக்கில், சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பையோடு ஏதாவது கொறிப்பது அந்நாட்டு வழக்கம், அந்த நேரத்தில் மேடையும் புதிதாக நிறைந்திருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்டில் மாட்ரிட், செவீயா போன்ற கடற்கரை இல்லாத நகரங்களில் குடும்பக் கடைகள் வாரக்கணக்கில் பூட்டியிருக்கும். ஞாயிறு நண்பகலில் ராஸ்த்ரோ சந்தை முடிந்து வரும் கூட்டத்தால் லா லத்தீனா திணறும். அந்த நெரிசலையும் ரசிப்பவர் மட்டும் அப்போது போகலாம்.

வாசலில் நின்று கடையை எடைபோடச் சில அடையாளங்கள் போதும். வழிமறித்து உள்ளே அழைக்கும் ஆள், தட்டு தட்டாக வண்ணப் படங்கள் போட்ட பலகை, ஐந்தாறு மொழிகளில் அச்சிட்ட நீண்ட பட்டியல் ஆகியவற்றைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். பாயெல்யா என்ற சோற்றுணவின் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தால் ஐயமே வேண்டாம்: அது வலென்சியாவின் மதிய உணவு, இரவு 10 மணிக்கு ஒற்றை ஆளுக்குச் சுடச்சுட வருகிறதென்றால் உறைநிலைப் பெட்டியிலிருந்து வந்ததாகவே இருக்கும். மாறாக, கையால் எழுதிய சிறு பலகை, மேடையருகே நெருக்கியடித்து நிற்கும் முதியவர்கள், எல்லார் கையிலும் ஒரே தட்டு என்றால் தயங்காமல் நுழையலாம். இணையத்தில் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, ஸ்பானிய மொழியில் எழுதியவர்கள் திரும்பத் திரும்பப் படம் பிடித்த தட்டு எது என்று பார்ப்பது பயன் தரும்.

'பார்' என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. அங்கே அது காலையில் காப்பியும் மாலையில் தபாஸும் தரும் பொது இடம். பாட்டியும் பேரக்குழந்தையும் ஒன்றாக வந்து நிற்பார்கள். மது அருந்தாதவர் 'மோஸ்தோ' என்ற திராட்சைச் சாற்றையோ, வாயு கலந்த தண்ணீரையோ கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சைவர்களுக்குத் தேர்வு கடினம்தான், ஆனால் தென்பகுதி கைகொடுக்கும். முட்டை சாப்பிடுபவருக்கு உருளைக்கிழங்கு தொர்த்தியா என்ற தடித்த முட்டை அடை எங்கும் கிடைக்கும். உப்புத் தூவிப் பொரித்த பாத்ரோன் மிளகாய், கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், மேலே சொன்ன கீரையும் கொண்டைக்கடலையும் நல்ல துணை. கொர்தோபாவின் சால்மோரெஹோ என்ற தக்காளிக் கூழின் மேல் பன்றித் தொடைக்கறித் துணுக்குகளைத் தூவுவார்கள், முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லுங்கள். குரோகெத்தா என்ற பொரித்த உருண்டைக்குள்ளும் பெரும்பாலும் அதே கறிதான். 'வெஹெதால்', அதாவது காய்கறி, என்று பெயரிட்ட ரொட்டிக்குள் சூரை மீன் இருப்பது வழக்கம். அதனால், இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

அளவும் விலையும் தேர்வில் சேர்ந்தவையே. 'தபா' சிறுதட்டு, 'ரசியோன்' இரண்டு மூன்று பேர் பகிரும் முழுத்தட்டு, 'மெதியா ரசியோன்' அதில் பாதி. பல கடைகளில் சிறுதட்டு மேடையருகே நிற்பவர்களுக்கு மட்டும். மேசையில் உட்கார்ந்தால் முழுத்தட்டுதான். வெளியே நாற்காலியில் அமர்ந்தால் கூடுதல் விலையும் இருக்கலாம், கேட்காத ரொட்டிக்குக் கணக்கில் காசும் ஏறலாம். கடலுணவுக்கு எதிரே விலைக்குப் பதில் 'சந்தை விலை' என்று எழுதியிருந்தால், எடை போடுமுன் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பொதுவாகக் கிளம்பும்போது கொடுத்தால் போதும். சில பாஸ்க் கடைகளில் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று உங்களையே கேட்பார்கள், ஆகவே பல்குச்சிகளைத் தட்டிலேயே வைத்திருங்கள். செவீயாவில் 1670-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் எல் ரிங்கோன்சில்யோவில், உங்கள் முன்னே மர மேடையின் மேல் சுண்ணக்கட்டியால் கணக்கு எழுதுவார்கள். பணம் கொடுத்ததும் அதைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் அடுத்தவருக்கு எழுதத் தொடங்குவார்கள்.