சின்னக் காயத்துக்கு எந்தக் களிம்பு?

முழங்காலில் சிராய்ப்பு, காய் நறுக்கும்போது விரலில் ஒரு வெட்டு. கைக்குக் கிடைத்த ட்யூபைப் பிதுக்கிப் பூசிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1. களிம்புக்கு முன் கழுவுங்கள். ரத்தம் வந்தால் முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையாது. நின்றதும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சோப்பு சுற்றியுள்ள தோலுக்கு மட்டும் போதும். சிராய்ப்பில் பொடிமணல் ஒட்டியிருந்தால், எவ்வளவு நல்ல களிம்பும் அதை உள்ளே வைத்து மூடத்தான் செய்யும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் வேண்டாம். பொங்கும் நுரை அழுக்கோடு நல்ல செல்களையும் கெடுக்கும்.

2. பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லையா, காயம் வாய் பிளந்திருக்கிறதா? களிம்பை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள். விலங்கு கடித்திருந்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே கிளம்புங்கள்.

3. இனி ட்யூபைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

சுத்தமான சின்னக் காயத்துக்கு என் தேர்வு வெறும் பெட்ரோலியம் ஜெல்லிதான். காயத்தைக் காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பார்கள். ஆனால் 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் சோதித்தபோது, ஈரம் காயாமல் மூடிவைத்த காயங்களில்தான் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. ஜெல்லியும் அப்படித்தான் ஈரத்தைக் காக்கும்.

நியோமைசின், பேசிட்ராசின் ஆகியவை கிருமிக்கு எதிரானவை. ஆனால் நியோமைசின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அரித்துச் சிவக்கும், புண் முற்றுகிறது என்று நினைத்து இன்னும் பூசுவார்கள், இன்னும் சிவக்கும். அரித்தால் நிறுத்திவிடுங்கள். மியூபிரோசினும் கிருமிக்கு எதிரானதுதான்; அதை டாக்டர் சொன்னால் மட்டும் போடுங்கள். போவிடோன் அயோடின் என்ற அயோடின் கலந்த கிருமிநாசினியைத் தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. பச்சைக் குழந்தைக்கும் அப்படியே.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். அவை ஸ்டீராய்டு. அரிப்புக்குக் கொடுத்த மிச்ச ட்யூப் காயத்துக்கு ஆகாது; ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

4. மெல்லிசாகப் பூசி பிளாஸ்டர் ஒட்டுங்கள். ட்யூப் முனை காயத்தில் படக்கூடாது. தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே. மண் பட்ட காயம் என்றால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

அப்புறம், சுற்றிலும் சிவந்திருந்தால் பேனாவால் அதன் ஓரத்தில் கோடு போட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ, அன்றே டாக்டரைப் பாருங்கள்.