ஆம்புலன்ஸ் வாசலுக்கே வர: அவசரகால டிஜிட்டல் வரைபடம் செய்வது எப்படி?

எந்த வரைபடச் செயலியிலாவது ஒரு பெரிய வளாகத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். இடத்தைக் காட்டும் ‘பின்’ குறி எங்கே விழுகிறது? பெரும்பாலும் வளாகத்தின் நட்டநடுவில், ஏதோ ஒரு கட்டடத்தின் கூரை மேல். சாவகாசமாக வருகிற விருந்தாளிக்கு அது போதும். ஒரு சுற்றுச் சுற்றி வாசலைக் கண்டுபிடித்துவிடுவார். ஆம்புலன்ஸுக்குப் போதாது. அந்தப் பின்னுக்கு மிக அருகில் எந்தச் சாலை ஓடுகிறதோ, வழிகாட்டும் மென்பொருள் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று சொல்லிவிடும். எதிரே இருப்பது பின்பக்க மதில் சுவராக இருந்தாலும் அதற்குத் தெரியாது.

அவசர நேரத்தில் கிலோமீட்டர் கணக்கில் நேரம் வீணாவதைவிட, இந்தக் கடைசி நூறு மீட்டரில் வீணாவதுதான் எரிச்சலானது. ஏனென்றால் அதை முன்கூட்டியே சரிசெய்ய முடியும். அதற்கான வரைபடத்தை ஒரு குடியிருப்புக்கோ, கல்லூரி வளாகத்துக்கோ, தொழிற்சாலைக்கோ நீங்களே எப்படிச் செய்வது என்று பார்ப்போம். தேவையானவை ஒரு ஸ்மார்ட்போன், ஒரு கணினி, அப்புறம் நடக்கக் கால்கள். மென்பொருள்கள் எல்லாம் இலவசம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

படி 1: யாருக்கான வரைபடம்?

முதலில் எல்லையை முடிவுசெய்யுங்கள். ஊர் முழுவதையும் ஒரே மூச்சில் வரைய ஆசைப்பட்டால் எதுவும் முடியாது. ஒரு வளாகம், அல்லது நான்கைந்து தெருக்கள் போதும்.

அடுத்து, இதைப் பார்க்கப்போவது வெளியிலிருந்து வருகிற ஓட்டுநர் என்பதை மனத்தில் வையுங்கள். அவருக்கு இந்த இடம் புதிது, ஒருவேளை இருட்டு, கையில் நேரமில்லை. அவருக்குத் தேவைப்படாத எதுவும் வரைபடத்தில் வேண்டாம். பூங்கா, கேன்டீன், ஏடிஎம் எல்லாவற்றையும் போட்டு வைத்தால் முக்கியமான நாலு புள்ளிகள் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

படி 2: அந்த இரண்டு எண்கள்

பூமியில் எந்த இடத்தையும் இரண்டு எண்களால் சொல்லலாம். அட்சரேகை வடக்கு-தெற்கைச் சொல்லும், தீர்க்கரேகை கிழக்கு-மேற்கைச் சொல்லும். ஈபிள் கோபுரத்தை எடுத்துக்கொண்டால் 48.8584, 2.2945.

புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்பதில்தான் துல்லியம் இருக்கிறது. ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். நான்கு இலக்கம் எழுதினால் சுமார் 11 மீட்டர், ஐந்து இலக்கம் எழுதினால் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் அளவு. வாசலைக் குறிக்க ஐந்து இலக்கம் வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். திறந்த வானத்தின் கீழேயே சாதாரண போன் ஐந்து மீட்டர் அளவுக்குத்தான் சரியாகச் சொல்லும். எட்டு இலக்கம் எழுதிவைத்தால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், அவ்வளவுதான்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? மேலே சொன்ன எண்களை 2.2945, 48.8584 என்று மாற்றித் தட்டிப் பாருங்கள். பாரிஸில் இருந்த கோபுரம் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் போய் நிற்கும். இது வேடிக்கைக்காகச் சொல்வதல்ல. பெரும்பாலான செயலிகள் அட்சரேகையை முதலில் எழுதும். ஜியோஜேசன் என்ற கோப்பு வகையோ தீர்க்கரேகையை முதலில் எழுதும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை மாற்றும்போது இந்தக் குழப்பம் வராத ஆளே இல்லை எனலாம். இன்னொரு அடையாளமும் உண்டு: உங்கள் புள்ளி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய கடலில் தெரிந்தால், எண்கள் காலியாக இருந்து 0, 0 ஆகிவிட்டன என்று பொருள்.

படி 3: நடந்து போய்ச் சேகரியுங்கள்

வேலையின் பெரும்பகுதி இதுதான். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மேலேயிருந்து எடுத்த படத்தில் கேட் பூட்டியிருக்கிறதா என்று தெரியாது.

ஜிபிஎஸ் வேலை செய்ய இன்டர்நெட் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை போன் நேரடியாகக் கேட்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். மூன்று இடத்தைக் கணக்கிட, நான்காவது போனின் கடிகாரப் பிழையைச் சரிசெய்ய. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும், அப்போது புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நீலப் புள்ளியைச் சுற்றித் தெரிகிற வெளிர்நீல வட்டம் சந்தேகத்தின் அளவு. அது சுருங்கும்வரை காத்திருந்து, அப்புறம் குறித்துக்கொள்ளுங்கள். சுருங்கவே மாட்டேன் என்றால் செயற்கைக்கோள் படத்தில் அந்த வாசலைக் கண்ணால் தேடி, அங்கே விரலை அழுத்திப் பிடித்து எண்களை எடுங்கள்.

எதையெல்லாம் குறிப்பது? வாசல்கள்தான் முதலில். பிரதான வாசல் மட்டுமல்ல, எல்லா வாசல்களும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மீட்டர் அகலம், மேலே வளைவு இருந்தால் எவ்வளவு உயரம், இரவில் பூட்டுவார்களா என்று எழுதுங்கள். கார் நுழையும் கேட்டில் தீயணைப்பு வண்டி நுழையாது. அலங்கார வளைவு ஒன்று போதும், வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட. அளக்க டேப் கொண்டுபோங்கள். கண்ணளவு இங்கே உதவாது.

அதற்குப் பிறகு கட்டடங்களுக்குள் போகும் படிக்கட்டுகள், ஸ்ட்ரெச்சர் கொள்ளும் லிஃப்ட், தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்கள், தண்ணீர்த் தொட்டி, மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தும் இடம், இதய அதிர்வுக் கருவி இருந்தால் அது எந்த மாடியில், வெளியேறியவர்கள் கூடும் இடம். உயரத்தை ஜிபிஎஸ் நம்பும்படி சொல்லாது. ஒன்பதாவது மாடியும் தரைத்தளமும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான். எனவே மாடி எண்ணை எழுத்தில் சேர்த்தே ஆக வேண்டும்.

இவற்றை ஒரு விரிதாளில் போடுங்கள். பெயர், வகை, அட்சரேகை, தீர்க்கரேகை, குறிப்பு, கடைசியாகச் சரிபார்த்த தேதி என ஆறு நெடுவரிசைகள். ஒரு வரியில் பெயரும் வகையும் குறிப்பும் இப்படி இருக்கட்டும்: ‘கிழக்கு கேட், வாசல், அகலம் 3.2 மீட்டர், வளைவு இல்லை, இரவு 10 முதல் காலை 5 வரை பூட்டு.’ ‘கேட் 2’ என்று மட்டும் எழுதினால் எழுதியவருக்கு மட்டுமே புரியும்.

படி 4: யூமேப்பில் ஏற்றுங்கள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் மேல் நம் தகவலை அடுக்கிக்காட்ட உதவும் இணையக் கருவி யூமேப். கணக்கு இல்லாமலும் வரைபடம் தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் திருத்துவதற்கென்று ஒரு ரகசிய லிங்க் தருவார்கள். அது தொலைந்தால் திருத்தும் வழியும் தொலைந்தது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் வழியாகவே உள்ளே போவது நல்லது. அடுத்த படிக்கும் அது தேவைப்படும்.

விரிதாளை சிஎஸ்வி கோப்பாக, அதாவது நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். இதில் இரண்டு கவனம். அட்சரேகை, தீர்க்கரேகை நெடுவரிசைகளின் தலைப்பு ‘லாட்’ (lat), ‘லான்’ (lon) என்று ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும், அப்போதுதான் யூமேப் அவற்றை அடையாளம் காணும். சேமிக்கும்போது எழுத்துமுறை யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் தமிழில் எழுதிய குறிப்பெல்லாம் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் மாறிவிடும்.

யூமேப்பில் தரவை இறக்குமதி செய்யும் பொத்தானை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். புள்ளிகள் வந்து விழும். வகைக்கு ஒரு லேயர், அதாவது தனி அடுக்கு, வைத்துக்கொள்ளுங்கள்: வாசல்கள், தண்ணீர், மின்சாரம்-எரிவாயு, மருத்துவம், கூடும் இடம். லேயருக்கு ஒரு நிறம். சிவப்பும் பச்சையும் பலருக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் வடிவத்தையும் மாற்றுங்கள். வாசலிலிருந்து கட்டடம்வரை வண்டி போகக்கூடிய பாதையைக் கோடாக வரையுங்கள். வண்டியைத் திருப்பும் இடத்தை ஒரு பரப்பாகக் குறியுங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான்.

கடைசியாக அனுமதிகளைப் பாருங்கள். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று தனித்தனியே அமைக்கலாம். தனியாக வசிக்கும் முதியவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், சாவி வைத்திருப்பவரின் எண் ஆகியவை மீட்புக்கு உதவும் தகவல்கள்தான். ஆனால் திருடனுக்கும் அவை அதே அளவு உதவும். பொது வரைபடத்தில் இவை கூடவே கூடாது. பொறுப்பாளரிடம் தனித்தாளில் இருக்கட்டும்.

படி 5: அடித்தள வரைபடத்தையும் திருத்துங்கள்

யூமேப்பில் நீங்கள் செய்தது உங்கள் லிங்க் உள்ளவர்களுக்கு மட்டும். வாசலும் பாதையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே சரியாக இருந்தால், அதைப் பயன்படுத்தும் எல்லாச் செயலிகளுக்கும் போய்ச் சேரும்.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்கள் பல டிஜிட்டல் வரைபடத்தில் இல்லவே இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு வேலை செய்தன. அவர்கள் பேரிடர் வந்த பிறகு வரைந்ததை, நாம் அது வருவதற்கு முன்பே வரைந்து வைக்கலாம்.

கணினியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தைத் திறந்து உங்கள் வளாகத்துக்குப் போய், திருத்து பொத்தானை அழுத்துங்கள். உள்பாதை இல்லையென்றால் கோடாக வரைந்து வெளிச்சாலையோடு இணையுங்கள். நுனிகள் உண்மையிலேயே ஒட்ட வேண்டும். ஒரு மீட்டர் இடைவெளி இருந்தாலும் வழிகாட்டும் மென்பொருளுக்கு அது வேறு உலகம். பாதை மதிலைக் கடக்கும் இடத்தில் கேட் புள்ளியை வையுங்கள். கட்டடத்தின் ஓரக்கோட்டில் நுழைவாயிலைக் குறியுங்கள். மற்ற வணிக வரைபடங்களைப் பார்த்து இதில் நகலெடுப்பது உரிமச் சிக்கல். நேரில் பார்த்ததையும், திருத்தும் திரையில் தரப்படும் படங்களில் தெரிவதையும் மட்டும் வரையுங்கள்.

படி 6: சோதித்துப் பாருங்கள்

இடம் தெரியாத ஒருவரை வெளியே நிறுத்தி, வரைபட லிங்கை மட்டும் அனுப்பி, மூன்றாவது கட்டடத்தின் இரண்டாவது படிக்கட்டுக்கு வரச்சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே ஒரு குறிப்பு தேவை. இரவிலும் ஒருமுறை செய்யுங்கள். பகலில் கண்ணில் பட்ட பெயர்ப்பலகை இரவில் இருக்காது.

படி 7: நெட் போனால்?

பெரிய விபத்தில் முதலில் போவது மின்சாரம், அடுத்து நெட்வொர்க். யூமேப்பிலிருந்து கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாக ஏற்றுமதி செய்து, நெட் இல்லாமலும் வரைபடம் காட்டும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலியில் திறந்து வையுங்கள். அந்தப் பகுதியின் ஆஃப்லைன் வரைபடத்தையும் முன்பே இறக்கிவைக்க வேண்டும். அப்புறம் ஒரு காகிதப் பிரதி. காகிதம் பழைய வழக்கமாகத் தோன்றலாம், ஆனால் பாதுகாவலர் அறையில் ஒட்டிய ஒரு தாளுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை. தாளில் வடக்குத் திசை, அளவுகோல், அச்சிட்ட தேதி மூன்றும் இருக்கட்டும். பக்கத்திலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். கோப்பின் லிங்கை மட்டும் அனுப்பினால் அது அவர்கள் இன்பாக்ஸில் தூங்கும்.

போனில் இடம் சொல்லும்போது

பல நாடுகளில் அவசர எண்ணை அழைத்தால் போன் தானாகவே இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடும். ஏஎம்எல் என்று அதற்குப் பெயர். ஆனால் எல்லா நாட்டிலும் இது இல்லை. இருந்தாலும் மாடி எண் அதில் தெரியும் என்று நம்ப முடியாது. எனவே வாயாலும் சொல்லுங்கள்.

கூகுள் மேப்ஸ் காட்டும் ப்ளஸ் கோடு இதற்கு வசதி. பத்து எழுத்துக் குறியீடு சுமார் 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டத்தைக் குறிக்கும். தற்செயலாகச் சொல்லாக மாறிவிடக் கூடாது என்பதற்காக ஆங்கில உயிரெழுத்துகளையும், ஒன்றுபோலத் தெரிந்து குழப்பும் குறிகளையும் விட்டுவிட்டு, எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 20 குறிகளை மட்டும் வைத்து உருவாக்கியிருக்கிறார்கள். ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொன்னால் குறியீட்டின் பின்பகுதி மட்டும் போதும். எதிர்முனையில் இருப்பவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்றால் வற்புறுத்திக்கொண்டிருக்காமல் எண்களுக்கு மாறுங்கள். ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி. ‘நாற்பத்தெட்டு’ வேண்டாம், ‘நான்கு, எட்டு’ என்று. அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு எந்த வாசல், எந்தக் கட்டடம், எந்த மாடி. முடிந்தால் ஒருவரை அந்த வாசலுக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள். அழைப்பை அவர்கள் துண்டிக்கும்வரை நீங்கள் துண்டிக்காதீர்கள்.