அனுபவமுள்ள டெவலப்பர்களுக்குத் தரவு அணுகல் பயிற்சி: மூன்று நாளில் நடத்தும் முறை

எட்டு, பத்து வருடம் ஜாவாவில் வேலை பார்த்தவரை உட்கார வைத்து செலக்ட், ஜாயின் என்று எஸ்க்யூஎல் அடிப்படையிலிருந்து ஆரம்பித்தால் முதல் அரை மணியிலேயே அவர் போனை எடுத்துவிடுவார். அதில் தப்பு இல்லை, அதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது வேறு. அவர் எழுதும் ஒரு வரி நிரல் தரவுத்தளத்துக்கு எத்தனை முறை போய் வருகிறது, எவ்வளவு சுமந்து வருகிறது, எந்தப் பூட்டை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பதை ஜாவா ஆப்ஜெக்ட்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் ஹைபர்நேட் போன்ற கருவிகள் மறைத்துவிடுகின்றன. மறைந்திருப்பதைக் கண்ணில் காட்டுவதுதான் இந்தப் பயிற்சியின் வேலை. ஒவ்வொரு பயிற்சியும் "முதலில் கணித்து எழுது, பிறகு ஓட்டி அள" என்ற ஒரே ஒழுங்கில் போக வேண்டும்.

இங்கே சொல்வது போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃபிரேம்வொர்க்), ஹைபர்நேட், ஹிகாரி பூல் (திறந்த தரவுத்தள இணைப்புகளைச் சேர்த்து வைத்து மறுபடி மறுபடி தருவது) என்ற கூட்டணிக்கு. டாட்நெட் குழுவுக்கும் இதே வரிசை ஏறக்குறைய பொருந்தும், ஆனால் அமைப்பின் பெயர்களும் இயல்புநிலைகளும் மாறும்.

தயாரிப்பு: பாதி வெற்றி இங்கேதான்

எட்டிலிருந்து பத்துப் பேர், இரண்டு பயிற்றுநர்கள். இருவர் இருவராக ஒரு கணினி. ஒவ்வொரு ஜோடிக்கும் டாக்கர் கன்டெய்னரில் தனி போஸ்ட்கிரெஸ். எல்லோருக்கும் பொதுவாக ஒரே தரவுத்தளம் வைத்தால் ஒருவர் போட்ட இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் சுட்டி) இன்னொருவருடைய பயிற்சியைக் கெடுத்துவிடும்.

தரவு போதிய அளவு இருக்க வேண்டும். நூறு பதிவில் எந்தக் குவெரியும் வேகமாகத்தான் ஓடும். வாடிக்கையாளர் 2 லட்சம், ஆர்டர் 20 லட்சம், ஆர்டரில் உள்ள பொருள்கள் 80 லட்சம் என்று வையுங்கள். போஸ்ட்கிரெஸில் உள்ள ஜெனரேட் சீரிஸ் ஃபங்ஷனை வைத்தே இதை உருவாக்கிவிடலாம். வெறும் ரேண்டம் மட்டும் போட்டால் தரவு சமமாகப் பரவிவிடும், பிளானரின் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) மதிப்பீடு எல்லாம் சரியாக வரும், கற்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வேண்டுமென்றே கோணலாக்குங்கள்: ஒரே வாடிக்கையாளருக்கு 2 லட்சம் ஆர்டர், ஆர்டர் நிலையில் நூற்றுக்கு 98 'முடிந்தது', மீதி 2 'நிலுவை'. ஏற்றி முடித்ததும் தரவின் புள்ளிவிவரத்தைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள். ஓட்டாவிட்டால் ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு பிளான் வந்து காலை முழுக்க அதை விளக்கியே போய்விடும்.

ஃபாரின் கீ (இன்னோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும்) காலம்களில் (column) இண்டெக்ஸ் போடாதீர்கள். இரண்டாம் நாள் அதற்கு வேலை இருக்கிறது.

அடுத்தது தாமதம். தரவுத்தளமும் நிரலும் ஒரே கணினியில் இருந்தால் போய்வரும் நேரம் ஏறக்குறைய பூஜ்யம், அதனால் 500 குவெரி ஓடினாலும் யாருக்கும் வலிக்காது. லினக்ஸின் நெட்எம் வசதியாலோ டாக்ஸிபிராக்ஸி கருவியாலோ ஒரு போய்வரவுக்கு 5 மில்லிசெகண்ட் சேர்த்துவிடுங்கள். நெட்எம் என்றால் கன்டெய்னருக்கு நெட்வொர்க் நிர்வாக அனுமதி கொடுத்துத் தொடங்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

ஓடிய குவெரிகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனை இயக்கி வையுங்கள். முன்கூட்டியே ஏற்றும் நூலகப் பட்டியலில் (shared_preload_libraries) அதன் பெயரைச் சேர்த்து, சர்வரை மறுதொடக்கம் செய்து, பிறகு எக்ஸ்டென்ஷனை உருவாக்க வேண்டும். நடுவில் உள்ள மறுதொடக்கத்தை விட்டால் பிழைதான் வரும். ஹைபர்நேட் பக்கம் புள்ளிவிவர அமைப்பை இயக்குங்கள், ஒரு செஷனில் எத்தனை ஸ்டேட்மென்ட் ஓடின என்று அது லாகில் எழுதும்.

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தாள் கொடுங்கள். எத்தனை போய்வரவு, எத்தனை பதிவு, எவ்வளவு நேரம் என்று மூன்று கட்டம். ஓட்டுவதற்கு முன் பேனாவால் நிரப்ப வேண்டும். எழுதாமல் ஓட்டியவர் விடையைப் பார்த்ததும் "இதுதான் நினைத்தேன்" என்று நம்பிவிடுவார், எழுதியவர் அப்படி நம்ப முடியாது. தன் கணிப்பு பத்து மடங்கு பிசகியதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கும் மூத்த டெவலப்பருக்கு அதற்கு மேல் விரிவுரை வேண்டியதில்லை.

முதல் நாள்: வெறும் ஜேடிபிசி, பிறகு ஹைபர்நேட்

காலையில் ஹைபர்நேட்டை மூடி வையுங்கள். ஒரு குவெரியை ஜேடிபிசியில் (ஜாவாவின் அடிப்படைத் தரவுத்தள இடைமுகம்) நேரடியாக எழுதி, ஒவ்வொரு முறையும் புதுக் கனெக்‌ஷன் திறந்து 100 தடவை ஓட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரே கனெக்‌ஷனில் 100 தடவை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி பிராஸஸ் தொடங்குகிறது, அதோடு கடவுச்சொல் சரிபார்ப்பு மட்டுமே பல போய்வரவு பிடிக்கும். பூல் ஏன் வேண்டும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஜாவாவுக்கு 256 எம்பி நினைவகம் மட்டும் கொடுத்து, 20 லட்சம் ஆர்டரையும் ஒரு குவெரியில் படித்துக் கூட்டுத்தொகை போடச் சொல்லுங்கள். நினைவகம் போதாமல் நிரல் விழும், ஏனென்றால் போஸ்ட்கிரெஸ் டிரைவர் இயல்பாக முடிவு முழுவதையும் இழுத்துக்கொண்டுதான் முதல் பதிவைக் கையில் தருகிறது. விவரம் தெரிந்தவர்கள் உடனே ஃபெட்ச் சைஸ் (ஒரு தடவையில் இழுக்கும் பதிவு எண்ணிக்கை) 1000 என்று போடுவார்கள். மறுபடியும் விழும். இங்கே அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள், பத்து நிமிடம் தேட விடுங்கள். ஆட்டோ கமிட் (ஒவ்வொரு ஸ்டேட்மென்டும் தானே கமிட் ஆவது) இயங்கிக்கொண்டிருந்தால் அந்த எண்ணை டிரைவர் கண்டுகொள்ளாது. முடிவைப் பகுதி பகுதியாகப் படிக்க உதவும் கர்சர் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள்தான் உயிரோடு இருக்க முடியும். ஆட்டோ கமிட்டை அணைத்ததும் அதே நிரல் 256 எம்பிக்குள் ஓடி முடியும்.

உள்ளீட்டின் வழியாகக் குவெரியை மாற்றிவிடும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்குக் கால் மணி போதும், ஆனால் எதை வைத்து வரிசைப்படுத்துவது என்ற காலம் பெயரை பாராமீட்டராக அனுப்ப முடியாது என்பதைச் சொல்லிவிடுங்கள். அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அனுபவசாலிகளின் நிரலில் இன்னும் ஓட்டை இருப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மதியம் என்-பிளஸ்-ஒன். 500 ஆர்டரையும் ஒவ்வொன்றின் வாடிக்கையாளர் பெயரையும் பட்டியலிடும் திரை. ஆர்டருக்கு ஒரு குவெரி, வாடிக்கையாளர்களுக்கு 500, ஆக 501. 5 மில்லிசெகண்ட் வீதம் போய்வருவதற்கே இரண்டரை நொடி. அந்த 500 ஆர்டரும் வேறு வேறு வாடிக்கையாளருடையவையா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 2 லட்சம் ஆர்டர் வைத்திருக்கும் அந்த ஒருவருடையவையாக இருந்தால், ஹைபர்நேட் செஷன் அவரை ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்ளும், இரண்டே குவெரியில் முடிந்து பயிற்சி பொய்த்துப்போகும்.

"லேசியை ஈகராக மாற்றினால் சரியாகிவிடுமே" என்று யாராவது சொல்வார்கள். (லேசி என்றால் தேவைப்படும்போது எடுப்பது, ஈகர் என்றால் உடனே எடுப்பது.) சொல்லட்டும், ஓட்டிப் பார்க்கட்டும். ஜேபிஏ (ஹைபர்நேட் பின்பற்றும் ஜாவா வரையறை) குவெரியில் ஈகர் என்பது எப்போது எடுக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது, ஜாயின் பண்ணு என்று சொல்வதில்லை. அதே 501 தான் வரும். சரியான வழிகள் மூன்று. ஆர்டரோடு வாடிக்கையாளரையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போட்டால் ஒரு குவெரி. ஒரு குவெரியில் 50 வாடிக்கையாளரை எடுக்கும்படி பேட்ச் சைஸ் 50 என்று வைத்தால் 1 + 10 = 11. திரைக்கு வேண்டிய மூன்று காலம்களை மட்டும் எடுக்கும் புரொஜெக்‌ஷன் என்றால் ஒரு குவெரி, சுமையும் குறைவு. படிக்க மட்டுமே உள்ள திரைக்கு மூன்றாவதுதான் எங்கள் தேர்வு.

ஜாயின் ஃபெட்ச்சிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. கலெக்‌ஷனை ஜாயின் ஃபெட்ச் செய்து கூடவே பக்கம் பிரித்தால், ஹைபர்நேட் எல்லாப் பதிவையும் இழுத்து நினைவகத்தில் வைத்துப் பக்கம் வெட்டும். லாகில் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் வரும், பிழை வராது. இரண்டு லிஸ்ட்களைச் சேர்த்து ஃபெட்ச் செய்தால் பிழை வரும். அதை செட்டாக மாற்றினால் பிழை மறையும், பெருக்கல் மறையாது. ஓர் ஆர்டரில் 20 பொருளும் 10 பணம் செலுத்தலும் இருந்தால் 200 பதிவு நெட்வொர்க்கில் வந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டாம் நாள்: பிளான் படித்தல்

குவெரியை ஓட்டி அதன் பிளானைக் காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸை பஃபர்ஸ் விருப்பத்தோடு ஓட்டி, மூன்றை மட்டும் பார்க்கப் பழக்குங்கள். மதிப்பிட்ட பதிவு எண்ணிக்கைக்கும் உண்மையானதற்கும் உள்ள இடைவெளி முதலாவது. இரண்டாவது லூப்ஸ்: நேரமும் பதிவும் ஒரு லூப்புக்கான சராசரி, பெருக்கித்தான் படிக்க வேண்டும். 0.02 மில்லிசெகண்ட் என்று அடக்கமாகத் தெரியும் வரி 2 லட்சம் லூப் ஓடினால் 4 நொடி. மூன்றாவது, தொட்ட பக்கங்களின் எண்ணிக்கை. ஒரு பக்கம் 8 கேபி. நேரம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், தொட்ட பக்கங்களின் மொத்தம் அவ்வளவாக மாறாது. இரண்டு தீர்வுகளை ஒப்பிட அதுவே நல்ல அளவுகோல்.

ஒரு முன்னெச்சரிக்கை: டெலீட், அப்டேட்டுக்கு முன் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டால் அது உண்மையிலேயே நடந்துவிடும். பிகின் போட்டு, ஓட்டி, ரோல்பேக் செய்யும் பழக்கத்தை முதல் பயிற்சியிலேயே கையில் ஏற்றிவிடுங்கள்.

இப்போது ஃபாரின் கீக்கு வருவோம். ஆர்டரே இல்லாத ஒரு வாடிக்கையாளரை அழிக்கச் சொல்லுங்கள். ஒரே பதிவுதான் என்றாலும் தாமதமாகும். பிளானில் அழித்தல் வரி வேகமாகவே தெரியும், நேரம் முழுவதும் கீழே உள்ள கன்ஸ்ட்ரெய்ன்ட் டிரிகர் வரியில் ஒளிந்திருக்கும். அவருக்கு ஆர்டர் உண்டா என்று பார்க்க 20 லட்சம் பதிவையும் புரட்டியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி ஃபாரின் கீக்குத் தானே இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் போடாது. அங்கிருந்து வந்தவர்கள் இதில் தவறாமல் விழுவார்கள்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாத நிலைகளை வேகமாகக் காட்டிவிட்டு நகரலாம்: காலம் மீது லோயர் ஃபங்ஷன், தேதி உள்ள காலம் ஒன்றை மாதமாக மாற்றி ஒப்பிடுதல், லைக்கின் முன்னால் சதவீதக் குறி. பக்கம் பிரித்தலில் சற்று நில்லுங்கள். ஆஃப்செட் 10 லட்சம் என்றால் தரவுத்தளம் 10 லட்சம் பதிவைப் படித்துத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த இருபதைத் தருகிறது. கடைசியாகக் கண்ட தேதியையும் ஐடியையும் அனுப்பி, அதற்கு அடுத்ததைக் கேட்கும் முறையை எழுத வையுங்கள். ஐடியைச் சேர்க்காமல் தேதியை மட்டும் வைத்தால் ஒரே நொடியில் வந்த ஆர்டர்கள் பக்க எல்லையில் காணாமல் போகும்.

நேரம் இருந்தால் பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் (மதிப்புக்கு மட்டும் இடம் விட்டு முன்பே தயார் செய்த குவெரி). டிரைவர் ஒரு குவெரியை ஐந்தாம் முறை சர்வரில் தயார் செய்கிறது. அதற்குப் பின் சர்வர் ஐந்து முறை மதிப்பைப் பார்த்துப் பிளான் போடும், பிறகு எந்த மதிப்புக்கும் ஒன்றேயான பொதுப் பிளான் மலிவு என்று கணக்கு வந்தால் அதற்கு மாறிவிடும். 'நிலுவை', 'முடிந்தது' போன்ற கோணல் தரவில் முதல் சில தடவை வேகமாக ஓடிய குவெரி பிறகு மந்தமாவதற்கு இது ஒரு காரணம். பிளான் கேஷ் மோட் அமைப்பை மாற்றி உறுதி செய்துகொள்ளலாம்.

மூன்றாம் நாள்: டிரான்ஸாக்‌ஷனும் பூலும்

இரண்டு பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவி) ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஸ்லைடு வேண்டாம். கையிருப்பு 10. இரு ஜன்னலும் படிக்கின்றன, இரண்டும் 9 என்று எழுதிக் கமிட் செய்கின்றன. இரண்டு விற்பனை, ஒன்றுதான் குறைந்தது. போஸ்ட்கிரெஸின் இயல்புநிலையான ரீட் கமிட்டெட் என்ற ஐசொலேஷன் (ஒரே நேரத்தில் நடப்பவற்றைப் பிரித்து வைக்கும்) நிலையில் பிழை ஏதும் வராது.

அதையே ரிப்பீட்டபிள் ரீட் என்ற அடுத்த நிலையில் ஓட்டினால் இரண்டாவது ஜன்னல் 40001 என்ற பிழையோடு நிற்கும். மைஎஸ்க்யூஎல்லில் அதே பெயர் கொண்ட நிலையில் சத்தமில்லாமல் மேலெழுதிவிடும். பெயரை நம்பாமல் தங்கள் தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது இந்த ஒப்பீட்டில் நன்றாகப் பதியும். தீர்வுகள்: கையிருப்பு 1-க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கழி என்று ஒரே அப்டேட்டில் எழுதி, மாறிய பதிவு எண்ணிக்கையைச் சோதிப்பது, படிக்கும்போதே பூட்டும் செலக்ட் ஃபார் அப்டேட், இடையில் யாராவது மாற்றினார்களா என்று காட்டும் வெர்ஷன் காலம். மறுமுயற்சி என்றால் டிரான்ஸாக்‌ஷன் முழுவதையும் முதல் படிப்பிலிருந்து தொடங்க வேண்டும். விழுந்த குவெரியை மட்டும் மறுபடி அனுப்பினால், டிரான்ஸாக்‌ஷன் ஏற்கெனவே முறிந்துவிட்டது என்று போஸ்ட்கிரெஸ் திருப்பி அனுப்பும்.

ஒருவர் பிடித்த பூட்டுக்கு மற்றவர் காத்து நிற்கும் டெட்லாக்கையும் இதே ஜன்னல்களில் வரவழையுங்கள்: ஒருவர் 1, 2 வரிசையில் அப்டேட், மற்றவர் 2, 1. ஒரு நொடி காத்துவிட்டு போஸ்ட்கிரெஸ் ஒருவரை வெளியே தள்ளும். ஐடி வரிசையில் பூட்டினால் வராது.

ஸ்பிரிங்கில் காட்ட வேண்டியவை இரண்டு. அதே கிளாஸுக்குள்ளிருந்து அழைத்த மெத்தடில் டிரான்ஸாக்‌ஷனல் குறிப்பு வேலை செய்யாது, அழைப்பு ஸ்பிரிங் இடையில் வைக்கும் பிராக்ஸி வழியாகப் போவதில்லை. செக்டு எக்ஸெப்ஷன் எறிந்தால் இயல்பாக ரோல்பேக் ஆகாது, கமிட் ஆகிவிடும்.

பூல் பயிற்சிக்கு மதியம் முழுவதையும் ஒதுக்குங்கள். ஹிகாரியின் இயல்புநிலை 10 கனெக்‌ஷன், காத்திருப்பு 30 நொடி. டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஒரு குவெரி, அதையடுத்து 2 நொடி பிடிக்கும் வெளிச் சேவை அழைப்பு. 10 கனெக்‌ஷன், ஒவ்வொன்றும் 2 நொடி: நொடிக்கு 5 கோரிக்கைதான் போகும். நொடிக்கு 20 அனுப்புங்கள். வரிசை நீண்டு, 30 நொடி காத்தவர்களுக்குப் பிழை கொட்ட ஆரம்பிக்கும். தரவுத்தளமோ சும்மா உட்கார்ந்திருக்கும். பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் பத்துக் கனெக்‌ஷனும் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று நிற்பதைக் காட்டுங்கள்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பூலை 100 ஆக்குவது. நான்கு சர்வரில் அப்படிச் செய்தால் 400, போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்பது 100. வெளி அழைப்பை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே எடுத்தால் அதே 10 தாராளமாகப் போதும். இதோடு ஸ்பிரிங் பூட்டின் ஓப்பன் இன் வியூ (கோரிக்கை முடியும்வரை ஹைபர்நேட் செஷனைத் திறந்தே வைப்பது) இயல்பாகவே இயங்குவதையும் சொல்லுங்கள். அது இருக்கும்வரை, குவெரி முடிந்தும் கனெக்‌ஷன் பதில் அனுப்பி முடியும்வரை கையிலேயே இருக்கக்கூடும். கடைசியாக, உள்ளே தனியாகப் புதிய ஒன்றைத் தொடங்கும் ரிக்வயர்ஸ் நியூ அமைப்பு: வெளி டிரான்ஸாக்‌ஷன் ஒரு கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டு உள்ளே இன்னொன்று கேட்கிறது. பத்து த்ரெட் ஒரே நேரத்தில் இப்படிக் கேட்டால் பத்தும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும். இந்தப் பூட்டு பூலில் இருப்பதால் தரவுத்தளத்தின் டெட்லாக் கண்டறிதல் இதைப் பார்க்காது.

பயிற்சிக்குப் பிறகு

ஒவ்வொருவரும் தன் சொந்தத் திட்டத்தில் ஒரு மெதுவான திரையை எடுத்து, அதன் குவெரி எண்ணிக்கையைச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்றை எழுதிச் சேர்க்க வேண்டும்: இந்தத் திரைக்கு 3 குவெரிக்கு மேல் போனால் பில்ட் விழட்டும். டெஸ்ட் உண்மையான போஸ்ட்கிரெஸில் ஓட வேண்டும். எச்2 போன்ற நினைவகத் தரவுத்தளத்தில் பூட்டும் பிளானும் வேறு மாதிரி இருக்கும்.

நான்கு வாரம் கழித்து அரை நாள் மறுபடி கூடுங்கள். உற்பத்தி சர்வரின் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸிலிருந்து முதல் பத்துக் குவெரியை மொத்த நேரப்படி எடுத்து வாருங்கள், சராசரி நேரப்படி அல்ல. 2 மில்லிசெகண்ட் குவெரி 50 லட்சம் தடவை ஓடினால் 10,000 நொடி. சராசரி வரிசையில் அது கண்ணிலேயே படாது. பத்தில் ஒவ்வொன்றையும் ஒரு ஜோடியிடம் கொடுத்து, அது நிரலில் எந்த வரியிலிருந்து பிறக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திருத்தம் உற்பத்திக்குப் போனதும் புள்ளிவிவரத்தை ரீசெட் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்து அதே பட்டியலை மறுபடி எடுங்கள்.