சோலை நாற்று வளர்க்க நினைக்கும் குழுவுக்கு

எங்கள் குழுவில் எட்டுப் பேர், எல்லோரும் நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரிக்காரர்கள். சோலை என்று நாங்கள் சொல்வது இந்த மலையின் பூர்வீகப் பசுமைமாறாக் காட்டை, அதன் மரங்களைத்தான் நாற்றாக வளர்க்கிறோம். முதல் வருடம் காட்டு நாவல் விதைகளைக் கழுவி, முறத்தில் போட்டு வெயிலில் காயவைத்து, டப்பாவில் அடைத்து வைத்தோம். இரண்டு மாதம் கழித்து விதைத்தால் ஒன்றுகூட முளைக்கவில்லை. நாவல் விதைக்கு ஈரம்தான் உயிர், காய்ந்தால் செத்துவிடும். வீட்டில் கீரை விதையைப் பத்திரப்படுத்தும் பழக்கத்தில் செய்துவிட்டோம்.

அதனால் முதல் வேலை மரங்களைத் தெரிந்துகொள்வது. ஒரு வருடம் முழுக்க மாதம் ஒருமுறை நடந்து போய், எந்த மரம் எப்போது பூக்கிறது, எப்போது பழம் உதிர்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். காப்புக்காட்டுக்குள் போகவும் விதை பொறுக்கவும் வனத்துறை அனுமதி கட்டாயம் வேண்டும். 116 ஹெக்டேர் லாங்வுட் சோலை சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருகிற காடு, 2024-இல் ராம்சார் என்னும் உலகளாவிய ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே நினைத்தபடி நுழையக் கூடாது. எங்களுக்கு ஊர் ஓரத்து மரங்களே போதுமானதாக இருந்தன.

விழுந்த பழத்தை மட்டும் எடுங்கள், அதிலும் பாதியைப் பறவைகளுக்கு விடுங்கள். சதையைக் கழுவி அன்றைக்கோ மறுநாளோ விதைத்துவிட வேண்டும். நாவல் விதையைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே ஈரப்பசையோடு கெட்டியாக இருந்தால் நல்ல விதை. சுருங்கி உதிர்ந்தால் வேண்டாம். விக்கி என்ற சோலை மரத்துப் பழத்தின் கொட்டை வேறு மாதிரி, கல் போன்ற ஓடு. அது முளைக்கப் பல மாதம் எடுக்கும். முளைக்கவில்லையே என்று பாத்தியைக் கொட்டிவிடாதீர்கள்.

நர்சரிக்கு நிழல்வலை, தேயிலை நாற்றுக்கு வாங்குகிற அதே கவர், மக்கிய உரம், மண் போதும். சோலைக்குள்ளிருந்து மண் அள்ள வேண்டாம்.

நாற்று முழங்கால் உயரம் வர இரண்டு வருடம் ஆகலாம், அவசரப்படாதீர்கள். ஜூனில் தென்மேற்கு மழை நன்றாகப் பிடித்ததும் நடுங்கள்.

எங்கே நடுவது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். புல்வெளியில் மரம் நடாதீர்கள்! இந்த மலையில் புல்வெளியும் சோலையைப் போலவே பூர்வீகம்தான். குறிஞ்சி அங்கேதான் பூக்கிறது. அங்கே குழி தோண்டினால், காப்பாற்ற வந்ததையே அழிக்கிறோம். சீகை மரங்கள் (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரங்கள், சீகைக்காய் அல்ல) அடர்ந்த இடம்தான் நமக்கு ஏற்றது. அவற்றை ஒரேயடியாக வெட்டக் கூடாது. வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும், மண்ணில் பல வருடமாகக் கிடக்கும் விதையும் வெயில் சூடு பட்டு முளைக்கும். அந்தச் சீகை நிழலிலேயே சோலை நாற்றை நடுங்கள், வெயிலும் உறைபனியும் அண்டாது. ஒரு ஜனவரியில் பள்ளத்தில், வெட்டவெளியில் நட்ட நாற்றுகளைப் போய்ப் பார்த்தோம். இலை எல்லாம் வெந்தது போலக் கறுத்துக் கிடந்தது. அதற்கப்புறம் பள்ளப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.

நட்டதும் ஒரு குச்சி ஊன்றி நிறநூல் கட்டுங்கள். அடுத்த மழையில் களை எடுக்கும்போது நாற்றையே பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. செஸ்ட்ரம் போன்ற புதர்க் களையை ஈர மண்ணில் வேரோடு இழுத்து, பூ வைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். முதல் இரண்டு கோடைக்கு ஒவ்வொரு நாற்றையும் ஒருவர் பொறுப்பில் விடுங்கள், யார் பெயரில் எது என்று அதே நோட்டில் எழுதி வையுங்கள்.