மணப்பெண்ணுக்கு அறிவுரை எழுதியவரின் வாழ்க்கையை எழுதப் போகிறீர்களா?

எங்கள் மதுரைப் பக்கம் ஒரு காலத்தில் கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னப் புத்தகமும் இருக்கும். நாற்பது பக்கம் வரும், மெல்லிய அட்டை, அட்டையில் குத்துவிளக்குப் படம். புருஷன் வீட்டுக்குப் போகிற பெண் எத்தனை மணிக்கு எழ வேண்டும், கணவன் கோபமாக வந்தால் எப்படி நிற்க வேண்டும், மாமியார் சொன்ன சொல்லைப் பிறந்த வீட்டில் ஏன் சொல்லக் கூடாது, எல்லாம் உள்ளே எழுதியிருக்கும். அப்படி ஆறு புத்தகம் எழுதியவர் என் அப்பத்தாவின் அக்கா. நாங்கள் பெரியப்பத்தா என்போம். அவருடைய வாழ்க்கையை எழுத மூன்று வருஷம் ஆனது எனக்கு. இப்போது வேறு இரண்டு பேர், அவர்கள் வீட்டிலும் இப்படி எழுதிய பெண்கள் இருந்திருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு நோட்டு வாங்குங்கள். ஒன்றில் அவர் எழுதியது மட்டும், பக்க எண்ணோடு. இன்னொன்றில் அவர் செய்தது மட்டும், தேதியோடு. இரண்டும் பாதியாவது நிரம்பும் வரை ஒன்றை ஒன்றோடு ஒப்பிடவே கூடாது. நான் கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். என் அம்மா கல்யாணமான முதல் வருஷம் முழுக்க அந்தப் புத்தகத்தை ஒப்பிக்க வைக்கப்பட்டவர், அந்தக் கோபம். அதனால் முதல் மாதத்திலேயே "பெண் பணத்தைக் கையாளக் கூடாது என்று எழுதியவர் அச்சாபீஸ் கணக்கைத் தானே எழுதியிருக்கிறார், பார்த்தீர்களா" என்று ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். அந்தக் கட்டுரை தவறு. கணக்கு நோட்டு முழுவதையும் படித்த பிறகுதான் தெரிந்தது, பெரியப்பத்தாவின் கணவர் படுத்த படுக்கையாக இருந்த நான்கு வருஷத்துக் கணக்கு அது. புத்தகம் விற்ற காசில்தான் மருந்து வாங்கியிருக்கிறார்கள். அவசரப்பட்டால் இப்படி ஆகும்.

சொன்னது ஒன்று, வாழ்ந்தது ஒன்று என்பது நம் ஊரில் மட்டும் உள்ளதும் இல்லை. அமெரிக்காவில் ஹெலன் ஆண்டலின், எட்டுப் பிள்ளைகளுக்குத் தாய், கணவர் பல் மருத்துவர். மனைவி கணவனுக்கு அடங்கி நடந்தால் வீடு இனிக்கும் என்று பெண்களுக்கு வகுப்பு எடுத்து, அதையே 1963இல் புத்தகமாகச் சொந்தமாக வெளியிட்டார், இருபது லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. பத்து வருஷம் கழித்து 1973இல் மாரபெல் மோர்கன் என்பவர் அதே வழியில் எழுதியதும் பெரிய விற்பனை. ஃபிலிஸ் ஷ்லாஃப்லி, ஆறு பிள்ளைகள், பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்து நாடு முழுக்கச் சுற்றியவர், ஐம்பது வயதைத் தாண்டி 1978இல் சட்டப் பட்டம் வாங்கினார். வீட்டில் இரு என்று சொன்னவர்கள் மேடையில் நின்றார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், உண்மைதான். ஆனால் அப்படி ஒருவர் மேடையில் நின்ற அன்று வீட்டில் சமைத்தது யார், அவருக்கு அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள், அவரை அங்கே கொண்டுபோனது நம்பிக்கையா, தேவையா, எழுத வேண்டும் என்ற ஆசையா? இதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

அங்கே அவர்களைப் பற்றிப் பேட்டிகள், செய்தித்தாள்கள் நிறைய இருக்கின்றன. நம் பெண்களுக்கு ஒரு டிரங்குப் பெட்டி மிச்சமிருந்தால் பெரிய விஷயம். அதனால் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் காலம் கணிக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் புத்தகங்களில் வருஷமே போட்டிருக்காது.

விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், அல்லது அதை ஒட்டி. "ந.பை." என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையே, ஏனென்றால் 1964இல் நயா பைசாவின் நயா போய்விட்டது. முகவரியில் "மதுரை-1" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972 ஆகஸ்டுக்கு முன், அந்த மாதம்தான் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது, 625001 என்று இருந்தால் நிச்சயம் அதற்குப் பின். எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணா, றா போன்றவை பழைய வடிவத்தில், அந்த யானைத் தும்பிக்கை மாதிரி வளைவோடு இருந்தால் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் பழைய அச்சு எழுத்தை வைத்திருந்த சின்ன அச்சாபீஸ்கள் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அதையேதான் கோத்தார்கள். புது வடிவமாக இருந்தால் 1978க்குப் பின் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். பெரியார் 1935லேயே தன் பத்திரிகையில் புது வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார்தான், ஆனால் பதிவிரதை தர்மம் அச்சிட்டவர்கள் அந்த எழுத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். தமிழ் வருஷப் பெயர் இருந்தால் அறுபது வருஷச் சுற்றில் எது என்று மற்ற அடையாளங்களை வைத்து முடிவு செய்யுங்கள். விகாரி 1959-60ஆகவும் இருக்கும், 2019-20ஆகவும் இருக்கும். அப்புறம் "மதுரை ஜில்லா" என்று இருப்பதால் மதுரையைச் சுற்றியே தேடாதீர்கள். திண்டுக்கல் 1985 வரையும் தேனி, பெரியகுளம் பக்கம் 1996 வரையும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன. ஒரு அச்சாபீஸை மதுரைச் சிம்மக்கல் முழுக்க விசாரித்து அலைந்தேன், கடைசியில் அது திண்டுக்கல்லில் இருந்திருக்கிறது.

நூலகம் என்றால் மதுரைத் தமிழ்ச் சங்கம், 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கியது, அங்கே பழைய நூல்கள் இருக்கின்றன. நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வசதி. சுதந்திரத்துக்கு முந்தைய புத்தகமென்றால், 1867ஆம் வருஷச் சட்டப்படி அச்சான நூல்களுக்கு அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல் போட்டது, அதில் அச்சிட்டவர், விலை, எத்தனை பிரதி என்பது வரை இருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். 1954க்குப் பிறகு வந்த நூலில் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம். தாம்பூலப் பைக்கென்று அச்சிட்டவர்கள் பலர் அனுப்பவில்லை. ஆகவே கன்னிமாராவில் இல்லாவிட்டால் சோர்ந்துபோகாதீர்கள், சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணில் ஏறுங்கள். கிடைத்ததை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பகலில் ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், அட்டை முதல் கடைசி விளம்பரம் வரை ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. ஒரே புத்தகத்தின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கிடைத்தால் வரிக்கு வரி ஒப்பிடுங்கள், அந்த இடைவெளியில் சட்டம் என்ன மாறியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 1955 இந்துத் திருமணச் சட்டம், 1956 வாரிசுரிமைச் சட்டம், 1961 வரதட்சணைத் தடைச் சட்டம், 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குக் கிடைத்த சட்ட ஏற்பு, 1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு. பெரியப்பத்தாவின் இரண்டாவது புத்தகத்தில், முதல் பதிப்பில், "பிறந்த வீட்டுச் சொத்தில் கண் வைக்காதே" என்று ஒரு அத்தியாயம் இருந்தது. மூன்றாம் பதிப்பில் அந்த அத்தியாயமே இல்லை, முன்னுரையில் ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை. ஏன் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது எனக்குத் தோன்றியதுதான் வில்லங்கச் சான்றிதழ். அவர் பிறந்த ஊர் நிலத்தின் சர்வே எண்ணை வைத்துப் பதிவு அலுவலகத்தில் பழைய காலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அவர் தன் அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் அதில் இருந்தது. நகல் வாங்கிப் படித்தேன். அவருடைய கையெழுத்து, புத்தகக் கணக்கில் பார்த்த அதே கையெழுத்து. எழுதியபடியே செய்திருக்கிறார், தனக்கு வர வேண்டிய பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார். அதற்கு அப்புறம் அவர் கணவர் படுத்தார், அண்ணன் வீட்டிலிருந்து உதவி வரவில்லை. மூன்றாம் பதிப்பு அதற்குப் பிறகு வந்தது. அத்தியாயத்தை எடுத்ததற்கு இதுதான் காரணம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை, ஆகவே நானும் அப்படி எழுதவில்லை. தேதிகளை மட்டும் வரிசையாக வைத்தேன். அந்தப் பக்கத்தை எழுதிய ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவர் மேல் இருந்த கோபம் அன்றைக்குத்தான் இறங்கியது.

அவர் எந்தக் கதைகளைச் சொல்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் புத்தகங்கள் "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்" என்ற 55ஆம் குறளோடு தொடங்கும், அனேகமாக எல்லாமே. கண்ணகியும் வருவாள். பெரியப்பத்தாவின் கண்ணகி, மாதவியிடமிருந்து திரும்பி வந்த கோவலனிடம் சிலம்பைக் கழற்றிக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறாள். மதுரை வீதியில் தலைவிரி கோலமாக வந்து, பாண்டியன் சபையில் நின்று வழக்காடிய கண்ணகி புத்தகத்தில் இல்லை. இதே ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பகுதியை விட்டிருக்கிறார் என்றால் அது முக்கியமான செய்தி.

அப்புறம் வாசகர்களைத் தேடிப் போங்கள், இதைச் செய்யாமல் புத்தகத்தை முடிக்காதீர்கள். சோழவந்தான், மேலூர், திருமங்கலம் பக்கம் எழுபது வயதைத் தாண்டிய அம்மாச்சிகள் இன்னும் இந்தப் புத்தகத்தைச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணி வாக்கில் போங்கள். மகன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் அவரே பதில் சொல்வார், அதனால் அவர் வெளியே போகிற நேரமாகப் பாருங்கள். நேராகப் புத்தகத்தைக் கேட்காதீர்கள். "உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று கேளுங்கள், மீனாட்சி ஆட்சியா நடராசர் ஆட்சியா என்ற அந்தப் பழைய கேள்விக்குச் சிரிக்காத அம்மாச்சி இல்லை, சிரித்தால் பேச்சு வரும். வருஷம் கேட்டால் தெரியாது என்பார்கள். "உலகத் தமிழ் மாநாட்டுக்கு முந்தியா பிந்தியா" என்று கேட்டால் உடனே சொல்வார்கள், அது 1981 ஜனவரி.

ஒருவர் சொன்னார்: "ஏத்தா, அந்தம்மா எழுதுனத நம்பித்தான் இருபது வருசம் நான் வாயத் தெறக்கல." பக்கத்து ஊரில் இன்னொருவர் சொன்னார்: "அதுல மாமியாளுக்கும் ஒரு பாடம் இருந்துச்சு. அத எங்க அத்தைக்கு வாசிச்சுக் காட்டுனேன், அதுக்கப்புறம்தான் எனக்குச் சுடுசோறு கெடச்சுச்சு." இரண்டையும் நான் அப்படியே போட்டேன். முதலாவதை நீக்கச் சொல்லி என் பெரியப்பா மகன் மிகவும் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். எழுதியவரின் கஷ்டத்துக்கு ஒரு அத்தியாயம் உண்டென்றால் அவர் எழுத்தால் கஷ்டப்பட்டவருக்கும் இடம் வேண்டும்.

அடி உதை பற்றி யாராவது சொன்னால் பெயரையும் ஊரையும் மாற்றுங்கள், பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள். அது பழைய கதை இல்லை, இன்னும் நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் புத்தகத்தை ஓரமாக வையுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவரிடம் சொல்லுங்கள், அவர் விரும்பினால் கூட இருந்து பேசுங்கள்.

சட்ட விஷயம் சுருக்கமாக: எழுதியவர் இறந்து அறுபது வருஷம் வரை எழுத்தின் உரிமை வாரிசுகளுக்கு. கடிதத்தின் உரிமையும் வாரிசுகளுக்குத்தான், தாள் உங்கள் கையில் இருந்தாலும் அதிலுள்ள எழுத்து எழுதியவருடையது. ஆகவே நீளமாக எடுத்துப் போட வேண்டுமென்றால் வாரிசுகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், கல்யாண வீட்டில் வாய்மொழியாகச் சொன்ன சரி பிறகு நிற்காது.

எழுதும்போது அவர் வாயில் இன்றைய சொற்களை வைக்காதீர்கள். அவர் "இல்லறம்" என்றால் இல்லறம், "அடக்கம்" என்றால் அடக்கம். உங்கள் கருத்தை உங்கள் குரலில், உங்கள் காலத்தில் நின்று சொல்லுங்கள், மறைக்கவும் வேண்டாம். பெரியப்பத்தா சொன்ன பாதியை நான் ஏற்கவில்லை, என் மகளுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுக்க மாட்டேன் என்று முன்னுரையிலேயே எழுதினேன், ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, பத்து பேருக்குச் சோறாக்கி, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் புரூஃப் திருத்திய அந்தக் கைகளை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்றும் எழுதினேன்.

அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் அந்த வீட்டு மருமகள் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், மகனிடம் இல்லை. எந்தத் தேதியில் யார் சமைத்தார்கள் என்பதில் மகன்கள் தவறுவார்கள். எங்கள் வீட்டில் சின்ன மதினிதான் படித்தார், பதினோரு இடத்தில் பென்சில் கோடு போட்டார், அதில் ஒன்பது சமையலறை சம்பந்தப்பட்டது. திருத்தி முடித்ததும் பழைய ஆறு புத்தகத்தின் படங்களையும் விடுதலைப் பத்திர நகலையும் பேட்டிக் குறிப்புகளையும் ஒரே பெட்டியில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்துவிடுங்கள்.